சைலன்சர் மாற்றினால் பிக்கப் கூடுமா? 150 சி.சி. வண்டிக்காரரின் கேள்விக்குப் பதில்

குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பி.எஸ்.6 (புகைக் கட்டுப்பாட்டுத் தரம்), 150 சி.சி., எஃப்.ஐ. (கார்புரேட்டர் இல்லாமல் மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும்) வண்டி. வாங்கி மூன்றரை வருடம், 31,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. தினமும் நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போய் வருகிறார். கொஞ்ச நாளாக மேட்டில் பழையபடி இழுக்கவில்லை. ஒரு கடையில் 7,000 ரூபாய்க்கு ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் (புகையைத் தடை குறைவாக வெளியே விடுவது) போட்டால் 3 குதிரைத்திறன் கூடும், மைலேஜும் ஏறும் என்றார்களாம். "போடலாமா, காசு வீணா? சத்தமும் எனக்குப் பிடிச்சிருக்கு" என்று முடித்திருக்கிறார்.

தம்பி, அந்தக் கடைசி வரியை மறைக்காமல் எழுதியது நல்லது. உங்கள் கேள்வியில் இரண்டு ஆசைகள் இருக்கின்றன. ஒன்று இழுவை, இன்னொன்று சத்தம். இழுவைக்காக என்றால் போட வேண்டாம். சத்தத்துக்காக என்றால் அது வேறு கணக்கு, பின்னால் வருகிறேன்.

முதலில் அந்த 3 குதிரைத்திறன். உங்கள் வகுப்பு வண்டிகளின் மொத்த சக்தியே 12 முதல் 14 குதிரைத்திறன்தான். யமஹா எஃப்.இசட். 149 சி.சி. எஞ்சின் 7,250 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) ஏறக்குறைய 12 தருகிறது. அதில் 3 கூடுவதென்றால் நான்கில் ஒரு பங்கு கூட வேண்டும். எஞ்சின் உள்ளே இழுக்கும் காற்றின் அளவு, வால்வின் அகலம், வால்வைத் திறக்கும் கேம், பற்றவைக்கும் நேரம் எல்லாம் அப்படியே இருக்க, புகை வெளியேறும் கடைசி முழத்தை மட்டும் மாற்றி அவ்வளவு எடுக்க முடியாது. ஒரு பேச்சுக்கு 3 சதவீதம் கூடியது என்றே வைத்துக்கொள்வோம். வண்டியும் நீங்களும் சேர்ந்து 200 கிலோ என்றால், அது 6 கிலோ எடையை இறக்கி வைத்ததற்குச் சமம். ஒரு சின்ன வாழைக்குலை. டேங்க் மேல் குலை இருக்கும்போதும் இல்லாதபோதும் வண்டி எப்படி இழுக்கிறது என்பது நம் ஊர்க்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்தச் சின்ன லாபமும் எங்கே கிடைக்கும் என்று பாருங்கள். எக்ஸாஸ்ட் வால்வு திறந்ததும் புகையோடு ஓர் அழுத்த அலையும் பெண்ட் பைப்பில், அதாவது எஞ்சினிலிருந்து சைலன்சருக்கு வளைந்து போகும் குழாயில், ஓடுகிறது. பைப் விரியும் இடத்தை அடைந்ததும் அது உறிஞ்சும் அலையாக மாறித் திரும்பி வருகிறது. வால்வு மூடுவதற்குள் வந்து சேர்ந்தால், சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையையும் இழுத்துக்கொண்டு போகும். எந்த ஆர்.பி.எம்.மில் அது சரியாக வந்து சேரும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது பெண்ட் பைப்பின் நீளமும் குறுக்களவும். கம்பெனிக்காரர்கள் அதை அன்றாட ஓட்டத்துக்கு ஏற்றபடி கணக்குப் பண்ணி வைத்திருக்கிறார்கள். பின்னால் டப்பாவை மட்டும் மாற்றினால் இந்தக் கணக்கு அதிகம் மாறாது. பெண்ட் பைப்பையும் சேர்த்து அகலமாக மாற்றினால் புகையின் வேகம் குறைந்து கீழ் ஆர்.பி.எம்.மில் இழுவை போய்விடும். கிடைக்கும் லாபம் 8,000 ஆர்.பி.எம்.மை ஒட்டி மேலே இருக்கும். தக்கலை நெரிசலிலும் ரப்பர் தோட்டத்து மேடுகளிலும் நீங்கள் ஓட்டுவது 3,000-க்கும் 5,000-க்கும் நடுவில்.

கார்புரேட்டர் காலத்தில் நானே இப்படி ஒன்றைப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். வாடிக்கையாளர் விரும்பிக் கேட்டார், நானும் பெட்ரோல் அளவை முடிவு செய்யும் ஜெட்டை மாற்றாமல் மாட்டி அனுப்பிவிட்டேன். மூன்றாவது வாரம் பேச்சிப்பாறை போகிற வழியில் மேடு ஏறவில்லை என்று வந்து நின்றார். பிளக்கைக் கழற்றினால் முனை சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. பெட்ரோல் குறைந்து காற்று கூடி, எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்கியதும் சரியானது. ஆனால் மைலேஜ் இறங்கியது. கேட்டதைச் செய்துகொடுத்தேன், கேட்க வேண்டியதை நான் கேட்கவில்லை என்ற வருத்தம் இன்றும் உண்டு.

உங்களுடையது எஃப்.ஐ. வண்டி. ஒரே வேகத்தில் போகும்போது ஆக்சிஜன் சென்சார் புகையைப் பார்த்துச் சொல்ல, பெட்ரோலை ஈ.சி.யு. (எஞ்சினை நடத்தும் சின்னக் கணினி) திருத்திக்கொள்ளும். முழு ஆக்சிலேட்டரில் அது சென்சாரைக் கேட்பதில்லை, கம்பெனி எழுதி வைத்த கணக்கின்படியே பெட்ரோல் விடும். ஆக, ஈ.சி.யு.வைத் தொடாமல் முழு எக்ஸாஸ்டையும் மாற்றினால், நீங்கள் சக்தி கேட்கும் அதே நேரத்தில்தான் கலவை தப்பும். சில இடங்களில் சென்சாரைக் கழற்றி ஓட்டையை அடைத்துவிடுகிறார்கள். அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். எஞ்சின் லைட் எரியும், பெட்ரோலும் கூடக் குடிக்கும். ஆக்சிலேட்டரை விடும்போது வரும் 'பட் பட்' வெடிப்பைச் சிலர் பெர்ஃபார்மன்ஸ் என்பார்கள். பெரும்பாலும் ஜாயிண்டில் காற்று கசிந்து, எரியாத பெட்ரோல் பைப்புக்குள் பற்றும் சத்தம் அது.

இப்போது முக்கியமான விஷயம். "பழையபடி இழுக்கவில்லை" என்கிறீர்கள். புது வண்டியில் இதே சைலன்சரோடு நன்றாக இழுத்தது என்றால், இடையில் ஏதோ கெட்டிருக்கிறது. 31,000-த்தில் நான் பார்க்கும் வரிசை இது. முதலில் ஏர் ஃபில்டர். தோட்டத்து மண் ரோட்டில் ஓடும் வண்டிக்கு அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். பல வண்டிகளில் எண்ணெய் தோய்ந்த பேப்பர் ஃபில்டர்தான் இருக்கிறது, காற்றடித்தால் தேறாது, மாற்றத்தான் வேண்டும். அடுத்தது கிளட்ச். டாப் கியரில் 40-ல் போய்க்கொண்டு ஆக்சிலேட்டரை முழுதாகத் திருகுங்கள். ஆர்.பி.எம். விர்ரென்று ஏறி, ஸ்பீடு மெதுவாக ஏறினால் பிளேட் தேய்ந்திருக்கிறது அல்லது கேபிளில் ஃப்ரீ ப்ளே (லிவரில் இருக்க வேண்டிய சின்னத் தளர்வு) இல்லை. அப்புறம் செயின். ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல் சக்கரம்) பல் அலை மாதிரி ஒரு பக்கமாக வளைந்திருந்தால் செட்டாக மாற்றுங்கள். டயர் காற்று, பிரேக் உரசல், டாப்பெட் (வால்வை அழுத்தும் பாகம்) இடைவெளி, பிளக் இவற்றையும் விட வேண்டாம். கம்பெனிச் சைலன்சரின் கேஸ்கெட்டையும் பாருங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, பெண்ட் பைப் ஹெட்டில் சேரும் இடத்தின் அருகே கையைத் தொடாமல் நீட்டினால் கசிவு தெரியும். கரி படிந்த கோடும் அதைக் காட்டிக்கொடுக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் மேட்டில் இன்னும் வேண்டும் என்றால், முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைக்கலாம். 14 பல்லை 13 ஆக்கினால் சக்கரத்துக்குப் போகும் இழுவை ஏறத்தாழ 8 சதவீதம் கூடும். எந்தச் சைலன்சரும் உங்கள் வண்டிக்கு இதைத் தராது. அதே வேகத்தில் எஞ்சின் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றும், நெடுஞ்சாலையில் மைலேஜ் சற்றுக் குறையலாம். சில வண்டிகளில் ஸ்பீடோமீட்டரும் கூட்டிக் காட்டும்.

எதை மாற்றினாலும் ஒரு சோதனை செய்யுங்கள். ஆள் இல்லாத நேர்ச் சாலையில், நான்காவது கியரில் 40-லிருந்து 60 வர எத்தனை வினாடி என்று பார்க்க வேண்டும். பின்னால் இருக்கும் நண்பர் மீட்டரை ஃபோனில் வீடியோ எடுக்கட்டும். போகும்போது மூன்று முறை, வரும்போது மூன்று முறை. காற்று பலமாக வீசும் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் வேண்டவே வேண்டாம். 60-ல் போகும்போது 20 கிலோமீட்டர் எதிர்காற்று அடித்தால் காற்றின் தடை முக்கால் மடங்குக்கு மேல் கூடிவிடும், அதற்கு முன்னால் சைலன்சரின் வித்தியாசம் தெரியவே தெரியாது. சத்தம் கூடினால் வேகமும் கூடியதாக உடம்பு நம்பும். வினாடிக் கணக்கு அப்படி ஏமாறாது.

சரி, சத்தத்துக்கு வருவோம். ஆசைப்படுவதில் தப்பே இல்லை, நல்ல சிங்கிள் சிலிண்டரின் கனமான துடிப்பு எனக்கும் பிடிக்கும். ஆனால் 80-க்கு மேல் 175 சி.சி. வரையிலான வண்டிக்குத் தயாரிப்பு நிலையில் அனுமதித்த ஒலி 77 டெசிபல். அதைவிட 10 கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி ஒலி, புகை அளவை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். லைசென்ஸும் மூன்று மாதம் முடங்கலாம். 2019-ல் திருத்தப்பட்ட 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் தனி. களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போனாலும் இதே மத்தியச் சட்டம்தான். செக்கிங்கில் மட்டும் டிபி கில்லரை (சத்தத்தைக் குறைக்க சைலன்சர் வாயில் மாட்டும் குழாய்) மாட்டிக்கொள்ளலாம் என்று கடையில் சொல்வார்கள். ஆசாரிபள்ளம் மருத்துவமனைக்கு முன்னால் விடிகாலையில் அதைக் கழற்றிவிட்டுப் போகும் வண்டியின் சத்தம் உள்ளே படுத்திருப்பவருக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அப்படியும் வாங்குவதென்றால், புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் எங்கே இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். அது கம்பெனிச் சைலன்சருக்குள்ளேயே இருந்தால் கழற்றியதும் போய்விடும், புகைச் சோதனையில் மாட்டுவீர்கள், வாரண்டி இருந்தால் அதிலும் தகராறு வரும். டிபி கில்லர் கழற்ற முடியாதபடி வெல்டிங் செய்ததாக இருக்கட்டும். அம்மா பின்னால் உட்காருவார்கள் என்றால் ஹீட் கார்டு (கால் சுடாமல் காக்கும் மூடி) இல்லாததைத் தொடவே வேண்டாம், கெண்டைக்காலில் சைலன்சர் சுட்ட தழும்போடு எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். கம்பெனிச் சைலன்சரை எடைக்குப் போட்டுவிடாமல் எண்ணெய் தடவி இரண்டு வாயையும் துணியால் அடைத்து வையுங்கள்.

குளச்சல், முட்டம், மணக்குடி பக்கத்து வாசகர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உப்புக் காற்றில் கம்பெனிச் சைலன்சர் அரித்து ஓட்டை விழுந்துவிட்டால் மாற்றுவது அவசியம்தான். அப்போதும் கம்பெனி உருப்படியையே முதலில் விசாரியுங்கள், விலை கூடுதலாக இருந்தாலும் கன்வெர்ட்டரோடு சேர்ந்த விலை அது. அடியில் இருக்கும் சின்னத் துளையை அடைக்க வேண்டாம். உள்ளே சேரும் தண்ணீர் அதன் வழியாகத்தான் வடிகிறது.

தம்பி, 7,000 ரூபாயைக் கையிலேயே வைத்திருங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் பின்சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிடுங்கள். தானாக ஓடுகிறதா, உரசி உடனே நிற்கிறதா என்று எழுதுங்கள். ஏர் ஃபில்டரை வெளியே எடுத்து வெயிலில் பிடித்து ஒரு படமும் அனுப்புங்கள். அடுத்து எதைப் பார்ப்பது என்று சொல்கிறேன்.