கலப்பினத் தம்பதிகளின் உண்மைக் கதைகளை நாடகமாக்க எங்கே தொடங்குவது?

கேட்டவர் ஒரு கல்லூரி நாடகக் குழுவில் இருக்கிறார். இனம் மாறி மணந்தவர்களைப் பேட்டி எடுத்து, அவர்கள் பட்டதை மேடையேற்ற ஆசை என்கிறார். சிங்கப்பூரில் ஒரு சின்னக் குழுவோடு இதைச் செய்து பாதி சொதப்பியவன் நான். சொதப்பியதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்களுக்குக் கதை சொன்ன தம்பதியில் கணவர் சீனர், மனைவி தமிழர். கல்யாணமான புதிதில் வாடகைக்கு அறை தேடியிருக்கிறார்கள். கணவர் மாண்டரினில் போன் செய்தபோது அறை காலி. இருவரும் நேரில் போய் நின்றதும் வீட்டுக்காரர் மனைவியைப் பார்த்துவிட்டு, "மசாலாக் குழம்பெல்லாம் சமைப்பீர்களா?" என்று ஒரு கேள்வி கேட்டார். அப்புறம், "இப்போதான் ஒருத்தர் முன்பணம் கொடுத்துட்டுப் போனார்." கணவர் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எங்களுக்குக் கை துறுதுறுத்தது. முதல் பிரதியில் வீட்டுக்காரருக்குப் பக்கம் பக்கமாக வசனம் எழுதித் தள்ளினோம். ஒத்திகையில் பார்த்தால் மனிதர் டிவி சீரியல் மாமியார் மாதிரி நிற்கிறார். அவரைத் திட்டிவிட்டு, "நல்லவேளை, நான் இப்படி இல்லை" என்று எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடலாம்.

மூன்றாவது சந்திப்புக்குக் கணவர் வர முடியவில்லை. அன்றைக்குத்தான் அந்த அக்கா வாயைத் திறந்தார். "அந்த ஆளு சொன்னதெல்லாம் பழகிப்போச்சு தம்பி. லிஃப்டுல கீழே வர்றப்போ இவரு, 'சரி, வேற வீடு பார்ப்போம்'னாரு. அவ்வளவுதான். எனக்கு வலிச்சது அதுதான்."

வாசலில் விழுந்த அடி லிஃப்டுக்குள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டது. நாடகம் அங்கேதான் இருந்தது. வீட்டுக்காரருக்கு இரண்டே வரி விட்டுவைத்து, லிஃப்டைப் பத்து நிமிடக் காட்சியாக்கினோம். அதனால் உங்களுக்கு நான் சொல்வது: ஜோடியை முதலில் சேர்த்து வைத்துக் கேளுங்கள், பிறகு தனித்தனியாகக் கேளுங்கள். சேர்ந்து இருக்கும்போது சிரிப்பாக வந்த கதை தனியாக வேறு மாதிரி வரும். "யார் என்ன சொன்னார்கள்?" என்பதோடு நிறுத்தாமல், "அன்றைக்கு வீட்டுக்கு எப்படிப் போனீர்கள்? யார் முதலில் பேசினார்கள்?" என்று கேளுங்கள்.

வசவு மட்டுமே கதை இல்லை. இன்னொரு அம்மா தன் சீன மருமகனைச் சொந்தக்காரர்களிடம், "பார்க்க வடக்கத்திப் பையன் மாதிரிதான் இருப்பான்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாராம். பாசம்தான், ஆனாலும் மகளுக்கு அது குத்தியிருக்கிறது. படிவங்களையும் விடாதீர்கள். இங்கே பிறப்புப் பதிவில் இனம் உண்டு. 2011 முதல் இரண்டு இனத்தையும் இணைத்துப் போடலாம். சரி, எது முதலில்? பள்ளியில் பிள்ளைக்குத் தாய்மொழி தமிழா, சீனமா? ஒரு பேனா, ஒரு தாள், இரண்டு பேர். செட்டே வேண்டாம்.

வடிவத்தை உண்மையிலிருந்தே எடுக்கலாம் என்பதற்கு நல்ல உதாரணம் தென்னாப்பிரிக்கா. வெள்ளையரும் மற்றவர்களும் உறவு கொள்வது குற்றம் என்ற சட்டம் அங்கே 1985 வரை இருந்தது. அந்தச் சட்டத்தில் பிடிபட்ட ஒரு ஜோடியைப் பற்றி அதோல் ஃபுகார்ட் எழுதிய நாடகம் 1972இல் கேப்டவுனில் மேடையேறியது. பக்கத்து வீட்டுப் பெண்மணி கொடுத்த வாக்குமூலத்தைப் போலீஸ்காரர் வாசிக்கிறார். காமிரா வெளிச்சம் பளிச்சிடுகிறது. பிறகு அந்த இருவருமே வாக்குமூலம் போலப் பேசுகிறார்கள். அரசாங்கக் காகிதத்தின் மொழியே அங்கே நாடக மொழியாகிவிட்டது.

நாங்கள் எடுத்துக்கொண்டது பிரேசில்காரர் அகஸ்தோ போவாலின் ஃபோரம் தியேட்டர். காட்சியை ஒருமுறை முழுதாக நடித்துக் காட்டுவோம். இரண்டாம் முறை நடிக்கும்போது பார்வையாளர் யாரும் "நிறுத்து" என்று சொல்லி மேடையேறி, பாதிக்கப்பட்டவரின் இடத்தில் நின்று வேறு வழியை முயன்று பார்க்கலாம். அநியாயம் செய்பவரின் இடத்தில் நிற்க விடக்கூடாது. விட்டால் வீட்டுக்காரரை ஒரே நொடியில் நல்லவராக்கிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

இதற்கு இங்கே ஒரு பழைய கதை உண்டு. 'தி நெசசரி ஸ்டேஜ்' குழு 1993இல் இதே முறையில் மேடையேற்றியவற்றில் ஒன்றான 'மிக்ஸ்ட் பிளெஸ்ஸிங்ஸ்' இனம் கடந்த உறவைப் பற்றியதுதான். அடுத்த வருடமே ஃபோரம் தியேட்டருக்கு அரசு நிதி கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். பார்வையாளர் எழுந்து என்ன பேசுவார் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, பிரதியைப் பார்த்து அனுமதிக்கவும் முடியாது என்பதுதான் கவலை. 2003இல்தான் அது மாறியது.

எங்கள் மேடையேற்றத்தில் எல்லோரும் வீட்டுக்காரரோடு சண்டை போடுவார்கள் என்று எதிர்பார்த்தோம். முதலில் ஏறிய இரண்டு இளைஞர்களும் அப்படித்தான் செய்தார்கள். மூன்றாவதாக, அறுபது வயதிருக்கும் ஓர் ஆன்ட்டி மனைவியின் இடத்தில் வந்து நின்றார். வீட்டுக்காரரைத் திரும்பியே பார்க்கவில்லை. லிஃப்டுக்குள் கணவரிடம், "நான் பேசுறேன், நீ கேளு. வீட்டைப் பத்தி மட்டும் பேசாதே" என்றார். எங்கள் நடிகருக்கு உண்மையாகவே பதில் வரவில்லை.

கடைசியாக, அனுமதி. கையெழுத்து வாங்கிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். சிங்கப்பூர் சின்ன ஊர். புளோக் எண்ணையும் தொழிலையும் மாற்றினாலும் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். முடிந்த பிரதியைத் தம்பதிக்கு முன்னால் வாசித்துக் காட்டுங்கள், வெட்டும் உரிமையையும் அவர்களுக்கே கொடுங்கள். எங்கள் அக்கா ஒரே ஒரு வரியை எடுக்கச் சொன்னார். நாடகத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த வரி. எடுத்துவிட்டோம். அதை இங்கேயும் எழுதப் போவதில்லை.