ட்ரம்பெட்டும் ஆர்கனும் (தேவாலயங்களில் இருக்கும் பெரிய குழாய் வாத்தியம்) மட்டும் வாசிக்கும் நவீன இசையில் எதிலிருந்து தொடங்கலாம்?

என் ஓட்டு செக் இசையமைப்பாளர் பெட்ர் எபென் 1976இல் எழுதிய 'ஓக்னா'வுக்கு. ஓக்னா என்றால் ஜன்னல்கள். எருசலேமில் ஹதாசா மருத்துவமனையின் யூதத் தொழுகைக்கூடத்தில் ஓவியர் மார்க் ஷாகாலின் வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் 12 இருக்கின்றன, பைபிள் சொல்லும் இஸ்ரவேல் கோத்திரம் ஒவ்வொன்றுக்கும் ஒன்றாக. எபென் அவற்றில் நான்கை எடுத்துக்கொண்டார்: ரூபனின் நீலம், இசக்காரின் பச்சை, செபுலோனின் சிவப்பு, லேவியின் பொன்னிறம்.

முதல் தடவை இதை ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு, ட்ரம்பெட்காரரும் ஆர்கன்காரரும் சண்டை போடுகிறார்களா என்று பாதியிலேயே நிறுத்திவிட்டேன். அப்புறம் ஒருநாள் ஜன்னல் படங்களைத் திரையில் வைத்துக்கொண்டு ஹெட்ஃபோனில் கேட்டேன். நீல ஜன்னலில் தண்ணீர் ஓடுகிற மாதிரி ஒரு வேகம். பச்சையில் மேய்ச்சல் நிலத்து அமைதி. சிவப்பில் சண்டை உண்மையிலேயே நடக்கிறது, ஆனால் அது எனக்கு இப்போது பிடித்திருக்கிறது.

இந்த வாத்திய ஜோடி பிரபலமானதில் பிரான்சின் ட்ரம்பெட் கலைஞர் மோரிஸ் ஆந்த்ரேவுக்கும் ஆர்கன் கலைஞர் மரி-கிளேர் அலேனுக்கும் பெரிய பங்கு உண்டு. அவர்கள் அதிகம் வாசித்தது பழைய பரோக் இசை, அதாவது 17, 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய இசை. அதில் பல இடங்களில் ஆர்கன், வராத ஆர்கெஸ்ட்ராவுக்குப் பதில் ஆள். எபெனிடம் அப்படி இல்லை. இரண்டுமே காற்று வாத்தியம்தான், ஆனால் ட்ரம்பெட்காரருக்கு மூச்சும் உதடும் களைத்துப்போகும், ஆர்கனுக்குக் களைப்பே கிடையாது. இந்த ஏற்றத்தாழ்விலிருந்துதான் எபெனின் இசை விறுவிறுப்பாகிறது என்று நினைக்கிறேன்.

சுருதி விஷயத்திலும் ஆர்கன் விட்டுக்கொடுக்காது. தேவாலயம் குளிர்ந்தால் அதன் குழாய்களில் சுருதி இறங்கும், வெயில் நாளில் ஏறும். எதுவானாலும் ட்ரம்பெட்காரர்தான் தன் குழாயை இழுத்தோ தள்ளியோ ஒத்துப்போக வேண்டும்.

கடைசிப் பகுதியான பொன் ஜன்னலை மட்டும் இரண்டு முறை கேளுங்கள். ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் வழிபாட்டுப் பாட்டு ஒன்றும் யூத மெட்டு ஒன்றும் அதில் வருகின்றன. ஷாகால், அன்றைய ரஷ்யப் பேரரசின் வீதெப்ஸ்க் வட்டாரத்தில் பிறந்த யூதர். எபெனோ கத்தோலிக்கராக வளர்ந்தவர். தந்தை யூதக் குடும்பத்தவர் என்பதால் பதின்வயதிலேயே நாஜிகளின் பூகன்வால்ட் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டார். இது தெரிந்த பிறகு அந்த இரண்டு மெட்டுகளும் ஒன்றாக வரும் இடத்தை என்னால் சும்மா கேட்க முடியவில்லை.

பிடித்துப்போனால் அடுத்து ஆந்த்ரே ஜோலிவேயின் 'அரியோஸோ பரோக்கோ', ழான் லாங்லேயின் ஏழு கோரல்கள் (தேவாலயப் பாடல் மெட்டு பாணியிலான துண்டுகள்). இப்போதைக்கு இனிமை மட்டும் போதும் என்றால் ஆலன் ஹோவானஸின் 'புனித கிரிகோரியின் ஜெபம்'. அது தந்தி வாத்தியங்களோடு எழுதப்பட்டது, ஆர்கனோடும் அடிக்கடி வாசிக்கிறார்கள். ஐந்து நிமிடம்தான்.

எதைக் கேட்டாலும் சரி, ஃபோன் ஸ்பீக்கர் வேண்டாம். ஆர்கனில் காலால் வாசிக்கும் அடிச்சுரங்கள் அதில் விழவே விழாது.