18 லட்சம் கட்டி ஒரு வருட உயிர்த்தகவலியல் முதுமாணி படிக்கலாமா?

கேள்வி: மூலக்கூற்று உயிரியலில் விஞ்ஞானமாணி முடித்திருக்கிறேன். மரபணு போன்ற உயிரியல் தரவைக் கணினியில் ஆராயும் உயிர்த்தகவலியல் துறையில் வேலை செய்ய ஆசை. காலி வீதியில் உள்ள ஒரு தனியார் நிறுவனம், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஒரு வருட முதுமாணிப் படிப்பை 18 லட்சத்துக்குத் தருகிறது. இந்தக் கிழமைக்குள் பதிவுக் கட்டணம் 2 லட்சம் கட்டினால் கழிவும் உண்டாம். அம்மா நகையை அடைவு வைக்கத் தயார். எனக்கு நிரலாக்கம் தெரியாது. அங்கேயே சொல்லித்தருவோம் என்கிறார்கள். சேரலாமா? (வாசகி, வெள்ளவத்தை)

பதில்: இந்தக் கிழமைக்குள் எதுவும் கட்ட வேண்டாம், தங்கச்சி. நல்ல படிப்பு என்றால் அடுத்த வருடமும் அது இருக்கும். நகை அடைவுக்குப் போனால் வட்டி உடனே ஓடத் தொடங்கிவிடும்.

நீங்கள் காசு கட்டுவது ஓர் இடம், சான்றிதழில் வரப்போகும் பெயர் வேறு. அந்தப் பெயர் சர்வதேசப் பல்கலைக்கழகக் கைநூலிலோ பொதுநலவாயப் பல்கலைக்கழகங்களின் ஆண்டுநூலிலோ இருக்கிறதா என்றுதான் நமது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பார்க்கும். வோர்ட் பிளேஸில் உள்ள அவர்களுடைய அலுவலகத்துக்கு ஒரு நாள் காலையில் போய்க் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். உள்ளூர் நிறுவனமே பட்டம் தருவதாகச் சொன்னால் இன்னும் கவனம் வேண்டும். பட்டம் வழங்கும் அனுமதி ஒவ்வொரு பட்டத்துக்கும் தனித்தனியாகக் கிடைப்பது. வியாபார முகாமைத்துவப் பட்டத்துக்கு அனுமதி இருப்பதால் உங்கள் பட்டத்துக்கும் இருக்கும் என்று நினைக்கக்கூடாது.

அப்புறம், விளம்பரத் துண்டை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பாடத்திட்டக் கையேட்டைக் கேளுங்கள். தரமாட்டோம் என்றால் அதுவே பதில். தந்தால், புள்ளிவிபரவியல், பைதன் அல்லது ஆர் என்ற நிரல்மொழி, லினக்ஸ் இயங்குதளம், மரபணு வரிசைத் தரவுப் பகுப்பாய்வு ஆகியவற்றுக்கு எத்தனை மணித்தியாலம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். பாதிப் பாடங்கள் ‘அறிமுகம்’ என்று தொடங்கினால் அந்த விலை நியாயமில்லை. கடைசியாக முடித்தவர்களின் ஆய்வறிக்கைத் தலைப்புகளையும் கேட்டுப் பாருங்கள். உண்மையான தரவை எடுத்து வேலை செய்தார்களா, அல்லது பிறருடைய கட்டுரைகளைத் தொகுத்து எழுதினார்களா என்பது தலைப்பிலேயே தெரிந்துவிடும். பட்டங்களை மட்டங்களாகப் பிரிக்கும் இலங்கைத் தகைமைக் கட்டமைப்பிலும் இந்த வித்தியாசம் உண்டு. பாடங்களோடு முடியும் முதுமாணி 9ஆம் மட்டம், 30 கிரெடிட் (படிப்பின் அளவைச் சொல்லும் அலகு). ஆய்வும் சேர்ந்தது 10ஆம் மட்டம், 60 கிரெடிட். பின்னால் கலாநிதிப் பட்டத்துக்குப் போகும் எண்ணம் இருந்தால் ஆய்வு இல்லாத முதுமாணியில் காசைப் போடாதீர்கள்.

குமாரதுங்க முனிதாச மாவத்தையில் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் உயிர்இரசாயனவியல், மூலக்கூற்று உயிரியல், உயிர்த்தொழினுட்பவியல் நிறுவகம் இருக்கிறது. அங்கேயும் போய்க் கட்டணத்தையும் ஆய்வு வசதியையும் விசாரித்து ஒப்பிடுங்கள்.

நிரலாக்கத்தை மட்டும் ‘அங்கே போய்ப் படிக்கலாம்’ என்று விடாதீர்கள். ஒரு வருடப் படிப்பில் அதற்கு அவகாசம் இருக்காது. என்.சி.பி.ஐ. என்ற அமெரிக்க அரச உயிர்த்தகவல் மையத்தின் தளத்தில் உலகத்து ஆய்வாளர்கள் பதிவேற்றிய மரபணுத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. ஏதாவது ஒரு பக்டீரியாவின் ஃபாஸ்ட்கியூ என்ற வகை வரிசைத் தரவுக் கோப்பை இறக்கித் திறந்து பாருங்கள். நான்கு நான்கு வரியாக வரும்: ஒரு பெயர், டி.என்.ஏ.யின் ஏ, சி, ஜி, டி எழுத்துகள், ஒரு கூட்டல் குறி, கடைசியில் தலைகால் புரியாத குறிகள். அந்தக் குறி ஒவ்வொன்றும் அதற்கு நேரான எழுத்தை எவ்வளவு நம்பலாம் என்று சொல்கிறது. தரம் 20 என்றால் நூறில் ஒன்று பிழையாகலாம்; 30 என்றால் ஆயிரத்தில் ஒன்று. இப்படிப்பட்ட லட்சக்கணக்கான வரிகளைச் சுத்தம் செய்வதும், ஒப்பிடுவதும், பிழை எங்கே புகுந்தது என்று தேடுவதும்தான் நீங்கள் ஆசைப்படும் வேலை. ஒரு மூன்று மாதம் மாலை வேளைகளில் லினக்ஸ் கட்டளைகள், கொஞ்சம் பைதன், உயிர்த்தகவலியல் கணக்குகள் தரும் ரோசாலின்ட் தளத்துப் பயிற்சிகள் என்று செய்து பாருங்கள். காசு செலவில்லை. அதில் மனம் ஒட்டினால் பட்டத்தைத் தேடலாம். ஒட்டாவிட்டால் அம்மாவின் நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

எல்லாம் பார்த்தபின் அதே இடம்தான் என்று முடிவானால், கட்டணம் ரூபாயிலா வெளிநாட்டுக் காசிலா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். வெளிநாட்டுக் காசு என்றால், ரூபாய் விழும்போது உங்கள் கட்டணம் ஏறும். 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாய்ச் சொச்சமாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது நினைவிருக்கும். வகுப்பு தொடங்காவிட்டால் 2 லட்சமும் திரும்பக் கிடைக்குமா என்பதையும் வாய்ப்பேச்சில் விடாமல் எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: நான் கணினி விஞ்ஞானப் பட்டதாரி. உயிரியலை ஓ.எல். உடன் விட்டவன். உயிர்த்தகவலியல் படிக்க ஜேர்மனிக்குப் போ, அங்கே எல்லாம் இலவசம் என்கிறார் மாமா. உண்மையா? (வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: பாதி உண்மை. அரச பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கற்பித்தல் கட்டணம் இல்லை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ உண்டு. உயிர்த்தகவலியலுக்குப் பெயர்போன டூபிங்கன் அந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. விசாவுக்காக, மாதம் இவ்வளவுதான் எடுக்கலாம் என்று கட்டுப்படுத்திய முடக்குக் கணக்கில் ஒரு வருடச் செலவைக் காட்ட வேண்டும். 2024 செப்டெம்பரில் அது 11,904 யூரோவாக உயர்ந்தது. அது உங்கள் காசுதான், மாதாமாதம் 992 யூரோவாக உங்களுக்கே வரும். ஆனாலும் முதலில் புரட்டியாக வேண்டும்.

உங்களுக்கு ஒரு வசதி உண்டு. அங்குள்ள பல முதுமாணிப் படிப்புகள் கணிதத்திலும் கணினியிலும் இத்தனை கிரெடிட் வேண்டும் என்று கேட்பதால் உயிரியல் பட்டதாரிகள் வாசலிலேயே நின்றுவிடுகிறார்கள். உங்களுக்கு அது இருக்கிறது. உயிரியல் பக்கம் அடிப்படை கிரெடிட் கேட்கிறார்களா என்று ஒவ்வொரு இடமாகப் பாருங்கள். எப்படியும் மரபியலையும் கலவியலையும் இப்போதே படிக்கத் தொடங்குங்கள். ஒரு மரபணு ஏன் ஒரு கலத்தில் வேலை செய்து மற்றதில் சும்மா இருக்கிறது என்று விளங்காமல் எவ்வளவு அழகான நிரல் எழுதினாலும் தவறான கேள்விக்கே விடை வரும்.

கேள்வி: படித்துவிட்டு இலங்கையிலேயே வேலை கிடைக்குமா? (வாசகி, தெஹிவளை)

பதில்: கிடைக்கும், ஆனால் இடம் குறைவு. பல்கலைக்கழக ஆய்வுக் குழுக்கள், மரபணுப் பரிசோதனை செய்யும் ஆய்வுகூடங்கள், இங்கிருந்தே வெளிநாட்டுக் குழுக்களுக்குச் செய்யும் வேலை என்று கொஞ்சம்தான். கொரோனாக் காலத்தில் வைரஸின் மரபணு வரிசையை ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்திலேயே படித்தார்கள். டெங்கு ஆய்வும் அங்கே நடக்கிறது. அப்படிப்பட்ட குழுக்களின் கட்டுரைகளை வாசித்து, நீங்கள் செய்து பார்த்த பகுப்பாய்வு ஒன்றையும் இணைத்து, அவர்களுக்கு இப்போதே மின்னஞ்சல் எழுதுங்கள். முதுமாணி முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.