குளிசையைக் கூட்டுமுன் தேத்தண்ணியைத் தள்ளிவையுங்கள்

கேள்வி: மஸ்கெலியாப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 52 வயது, 48 கிலோ, கொழுந்து எடுக்கிறார். ஒன்றரை வருடத்துக்கு முன் ஹஷிமோட்டோ தைரொயிட் (கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி மெல்ல ஓய்ந்துபோகும் நோய்) என்றார்கள். அதற்குத் தரும் தைரொக்சின் குளிசை 50 மைக்ரோகிராமில் தொடங்கி 75, 100, இப்போது 125. ஆனாலும் டி.எஸ்.எச். 9.8. அசதி, மலச்சிக்கல், குளிர் தாங்கவில்லை. அடுத்த கிளினிக்கில் 150 ஆக்குவார்கள் போல. காலையில் பெரட்டுக்குப் போகுமுன் பால் தேத்தண்ணியோடு, இரும்புச்சத்துக் குளிசையையும் சேர்த்து விழுங்கிவிட்டுத்தான் போவார். லயத்துக்கு வந்து இரத்தம் எடுத்துப் போகும் ஒருவர், "அன்டிபொடி 800க்கு மேல் இருக்கிறது, குளிசைதான் சுரப்பியைச் சாகடிக்கிறது, கடற்பாசித் தூள் குடித்தால் மூன்று மாதத்தில் நிறுத்தலாம்" என்கிறார். நிறுத்தலாமா? எனக்கும் போன வருடம் இதே நோய் என்று 50 தந்திருக்கிறார்கள். கல்யாணமாகி ஆறு மாதம்.

பதில்: நிறுத்தவே வேண்டாம், தங்கச்சி. 150க்குப் போகவும் அவசரப்பட வேண்டாம். போகிற போக்கில் தேத்தண்ணி பற்றி எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கேள்விக்குப் பதில் அந்த வரியில்தான் இருக்கிறது.

முதலில் டி.எஸ்.எச். என்றால் என்ன என்று சொல்கிறேன். இதைத் தலைகீழாக விளங்கிக்கொள்பவர்கள்தான் அதிகம். மலையில் கொழுந்து நிறை குறைந்தால் கங்காணியின் சத்தம் கூடும், நிறை சரியாக வந்தால் அடங்கும். மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பிதான் அந்தக் கங்காணி, டி.எஸ்.எச். அவருடைய சத்தம். ஏறத்தாழ 0.4க்கும் 4க்கும் இடையில் இருந்தால் நிறை சரி. 9.8 என்றால் உடம்புக்குத் தைரொயிட் ஓமோன் போதவில்லை என்று அர்த்தமே தவிர, குளிசை கூடிவிட்டது என்று அர்த்தமல்ல.

ஆனால் ஏன் போதவில்லை? சுரப்பி முற்றாக ஓய்ந்துபோன ஒருவருக்குக்கூட ஒரு கிலோ உடல் எடைக்கு ஏறத்தாழ 1.6 மைக்ரோகிராம்தான் தேவை. அம்மாவின் 48 கிலோவுக்குப் பெருக்கிப் பாருங்கள், 77 வருகிறது. 125 குடித்தும் சத்தம் அடங்கவில்லை என்றால், வாய்க்குள் போன குளிசை இரத்தத்துக்குப் போய்ச் சேரவில்லை. இரும்புச்சத்தும் கல்சியமும் தைரொக்சினைக் குடலிலேயே பிடித்துவைத்துவிடும். பாலும் தேத்தண்ணியும் தங்கள் பங்குக்குக் குறைக்கும். 'கேஸ்' என்று கடையில் வாங்கிப் போடும் ஒமெப்ரசோலும் அப்படித்தான்.

இந்த ஒன்றரை வருடத்தில் "இதை எப்படிக் குடிக்கிறீர்கள் அம்மா?" என்று ஒருவராவது கேட்டார்களா? கேட்டிருக்க மாட்டார்கள். ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய கூலியை, விட்டுவிட்டு, விடியவே பஸ் ஏறி வந்து, மத்தியானம்வரை வாங்கில் காத்திருக்கும் பெண்ணுக்குக் கிடைப்பது மூன்று நிமிடம். ரிப்போர்ட்டில் எண் கூடியிருந்தால் கொப்பியில் 25 கூடும். குளிசை போட்டுத் தரும் கடதாசி உறையில் 'வெறும் வயிற்றில்' என்று சிங்களத்தில் எழுதியிருக்கும். அம்மாவுக்கு அதை யார் வாசித்துக் காட்டுவது? நானும் இதே கிளினிக்குகளில் உட்கார்ந்தவன். அந்த உறையில் தமிழில் இரண்டு சொல் எழுதவைக்க எத்தனை வருடம் கேட்டும் நடக்கவில்லை. எனக்கு இன்னும் ஆறாத கோபம் அது.

இனிச் செய்ய வேண்டியது இது. அம்மா நாலரைக்கு எழும்பினால் அடுப்பு மூட்டுமுன் வெறும் தண்ணீரோடு தைரொக்சின். தேத்தண்ணி, ரொட்டி எல்லாம் ஐந்தரைக்கு. இரும்புச்சத்துக் குளிசை இரவுக்குப் போகட்டும். இரண்டுக்கும் இடையில் குறைந்தது நான்கு மணித்தியாலம் வேண்டும். உறையை அடுப்படித் தட்டில் வைக்காதீர்கள். நம் மலை ஈரமும் அடுப்புச் சூடும் இந்தக் குளிசைக்கு ஆகாது. மூடி இறுக்கமான சிறிய போத்தலில், வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள்.

ஆனால் இதை ஆரம்பிக்குமுன் வைத்தியரிடம் சொல்லியாக வேண்டும். 125 முழுதாக உள்ளே போகத் தொடங்கினால் அம்மாவுக்கு அது அதிகம். சில வாரங்களில் நெஞ்சு படபடப்பு, கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரலாம். அவர் அளவைக் குறைத்து எழுதக்கூடும். கிளினிக் திகதி தூரமென்றால் ஓ.பி.டி.யில் காட்டுங்கள். நெஞ்சுவலி வந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் எடுக்கும். அதனால் ஆறு முதல் எட்டு வாரம் போன பிறகுதான் டி.எஸ்.எச். எடுப்பதில் பயனுண்டு. இரண்டாம் வாரமே எடுத்துப் பயப்படுவது காசுக்கு நட்டம்.

இப்போது அந்தத் தூள்காரர். இவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரே ஆள் இரத்தமும் எடுப்பார், 'முழு தைரொயிட் பக்கேஜ்' என்று எல்லாவற்றுக்கும் பில் போடுவார், பிறகு அந்த ரிப்போர்ட்டைக் காட்டியே தூளும் விற்பார். அன்டிபொடி என்பது உடம்பே தன் சுரப்பிக்கு எதிராக உண்டாக்கும் பொருள். நோய் இன்னதென்று அடையாளம் காண அதை ஒருமுறை பார்ப்பார்கள். அது 80 ஆனாலும் 800 ஆனாலும் குளிசையின் அளவு மாறாது, திரும்பத் திரும்ப எடுக்கவும் தேவையில்லை. சுரப்பியைத் தாக்குவது உடம்பின் சொந்த எதிர்ப்புச் சக்தி. குளிசை, சுரப்பி தராத ஓமோனை ஈடுசெய்கிறது, அவ்வளவுதான். ஜப்பானியச் சத்திரசிகிச்சையாளர் ஹகாரு ஹஷிமோட்டோ இந்த நோயை விவரித்தது 1912இல். அதற்குப் பின் நூறு வருடத்துக்கு மேலாகியும், அழிந்த சுரப்பியை மீட்டுத்தரும் தூள் ஒன்று வரவில்லை. கடற்பாசியில் இருப்பது அயடீன். அது குறைந்து கழுத்தில் கழலை வந்த காலம் நம் நாட்டில் இருந்தது உண்மைதான். அதற்காகத்தான் 1995 முதல் உப்பில் அயடீன் கட்டாயமானது. ஹஷிமோட்டோ உள்ளவருக்கு மேலதிக அயடீன் நோயை மோசமாக்கக்கூடும். அந்த ஆளை வாசலோடு அனுப்புங்கள்.

கடைசியாக உங்கள் விஷயம். நீங்கள் அதை ஒரு வரியில் விட்டுவிட்டீர்கள், எனக்கு அப்படி விட முடியவில்லை. பிள்ளை உண்டாக நினைத்தால் இப்போதே டி.எஸ்.எச். பாருங்கள், 2.5க்குக் கீழ் இருக்க வேண்டும். மாதவிடாய் தள்ளிப்போய்ப் பரிசோதனையில் கர்ப்பம் என்று தெரிந்தால் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்க வேண்டாம். முதல் மூன்று மாதம் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு வேண்டிய தைரொயிட் ஓமோன் உங்களிடமிருந்துதான் போக வேண்டும். தேவை கால்பங்குக்கு மேல் உடனே கூடும். வழமையாக வாரத்துக்கு ஏழு குளிசை எடுப்பவரை ஒன்பது எடுக்கச் சொல்வோம், இரண்டு நாள் இரண்டிரண்டாக. இதை இப்போதே வைத்தியரிடம் கேட்டு, கொப்பியில் எழுதி வாங்கி வையுங்கள். அப்போதுதான் அந்த நாள் வரும்போது யாருக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை. பிறகு கர்ப்பத்தின் முதற்பாதியில் நான்கு வாரத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். கர்ப்பிணி கிளினிக்கில் இரும்பும் கல்சியமும் தருவார்கள். அவை கட்டாயம் தேவை, ஆனால் தைரொக்சினோடு சேர்க்காமல் மத்தியானமும் இரவுமாக எடுங்கள். "கர்ப்பத்தில் குளிசை கூடாது" என்று மாமியாரோ அயலோ சொன்னால் கேட்காதீர்கள். பிள்ளை பிறந்ததும் பழைய அளவுக்குத் திரும்பி, ஆறு வாரத்தில் மறுபடி டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். மருத்துவமாது வீட்டுக்கு வரும் முதல் நாளே "எனக்குத் தைரொயிட் இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். அவர் கேட்கும்வரை பார்த்திருக்காதீர்கள்.