பிரெக்சிட்: வெளியேறுவது சரி, எங்கே போவது?

இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்திலிருந்து அரை மணி நேரத் தொலைவில், சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் சுங்கப் பத்திரங்கள் பார்ப்பது என் வேலை. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதைத்தான் பிரெக்சிட் என்கிறார்கள். அதை முடிவு செய்த 2016 வாக்கெடுப்புக்கு முன்பே அங்கே சேர்ந்துவிட்டேன். அதனால் முன்பு எப்படி இருந்தது, பின்பு எப்படி ஆனது என்று இரண்டையும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாயிற்று. பொருளாதாரப் பேராசிரியர் இல்லை. தெரிந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

கேள்வி: பிரெக்சிட் என்றால் பிரிட்டன் ஐரோப்பாவோடு வியாபாரத்தையே நிறுத்திக்கொண்டது என்று நினைத்திருந்தேன். அப்படித்தானா?

இல்லை. இன்றைக்கும் பிரிட்டனுக்கு மிகப் பெரிய வாடிக்கையாளர் ஐரோப்பிய ஒன்றியம்தான். மாறியது வியாபாரத்தின் விதிமுறை.

இரண்டு சொற்களைப் பிரித்துப் புரிந்துகொண்டால் பாதிச் சண்டை விளங்கிவிடும். சுங்க ஒன்றியம் என்றால், உள்ளே இருப்பவர்களுக்குள் சுங்கவரி கிடையாது. வெளியிலிருந்து வரும் பொருளுக்கு எல்லோரும் ஒரே வரி போடுவார்கள். ஒற்றைச் சந்தை என்றால் பொருளுக்கு ஒரே தர விதி, அதோடு ஆட்களும் பணமும் சேவைகளும் தடையில்லாமல் போய்வரலாம். நார்வே ஒற்றைச் சந்தையில் இருக்கிறது, சுங்க ஒன்றியத்தில் இல்லை. துருக்கி ஏறக்குறைய அதற்குத் தலைகீழ். இரண்டுமே ஒன்றியத்தின் உறுப்பினர்கள் அல்ல.

ஆக, 'வெளியே' என்பதில் பல வாசல்கள் இருந்தன. 2016 ஜூன் 23 அன்று கொடுத்த வாக்குச் சீட்டிலோ இரண்டே கட்டங்கள்: ஒன்றியத்தில் இருப்பதா, விலகுவதா. எந்த வாசல் வழியாக என்று யாரும் கேட்கவில்லை. அடுத்து வந்த அத்தனை ரகளைக்கும் இதுதான் வேர் என்பேன். கடைசியில் பிரிட்டன் ஒன்றியம், ஒற்றைச் சந்தை, சுங்க ஒன்றியம் மூன்றையும் விட்டு வந்தது. வடக்கு அயர்லாந்து மட்டும் பாதி உள்ளே, பாதி வெளியே. அதைப் பிறகு சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, கிழவர்கள் எல்லாம் வெளியேறச் சொன்னார்கள், இளைஞர்கள் இருக்கச் சொன்னார்கள் என்கிறார்களே?

பெரும்பாலும் உண்மை, ஆனால் அதோடு முடியவில்லை தம்பி. வெளியேற 51.9 சதவீதம், இருக்க 48.1 சதவீதம். வித்தியாசம் சுமார் 12.7 லட்சம் வாக்குகள். வயதைப் போலவே படிப்பும் ஊரும் பிரித்தன. லண்டனில் லாம்பெத் பகுதியில் 78 சதவீதத்துக்கு மேல் 'இருக்கலாம்' என்றார்கள். அங்கிருந்து ரயிலேறினால் சில மணி நேரத்தில் லிங்கன்ஷயர் பக்கம் பாஸ்டன் என்ற சிறு நகரம். அங்கே 75 சதவீதத்துக்கு மேல் 'வெளியேறு'. ஸ்காட்லாந்து 62 சதவீதம் இருக்கச் சொன்னது. வடக்கு அயர்லாந்தும் இருக்கவே சொன்னது. இங்கிலாந்தும் வேல்ஸும் வெளியேறச் சொன்னதில் மொத்தக் கணக்கு சாய்ந்துவிட்டது.

பாஸ்டனைச் சுற்றி முட்டைக்கோஸ் வயல்கள். 2004இல் போலந்து, லித்துவேனியா போன்ற நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு, அங்கிருந்து வயல் வேலைக்கு ஆட்கள் பெருமளவில் வந்தார்கள். ஊர் சில வருடங்களில் மாறிப்போனது. பள்ளியில் இடமும் மருத்துவரிடம் நேரமும் கிடைப்பது அதே வேகத்தில் கூடவில்லை. அந்த ஊர்க்காரர்களை இனவெறியர்கள் என்று ஒரே சொல்லில் ஒதுக்கியவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அவர்கள் கோபம் நியாயமானது. போய்ச் சேர்ந்த விலாசம்தான் தப்பு என்பது என் வாதம். மருத்துவமனை கட்டாதது ஒன்றியத்தின் தலைமையகமான பிரசல்ஸ் இல்லை, லண்டன்.

கேள்வி: அந்தப் பேருந்து விளம்பரம் பொய்தானே?

சிவப்புப் பேருந்தில், "வாரம் 35 கோடி பவுண்டை ஒன்றியத்துக்கு அனுப்புகிறோம், அதை மருத்துவ சேவைக்குக் கொடுப்போம்" என்ற பொருளில் எழுதியிருந்தார்கள். ஒன்றியத்துக்குக் கட்டும் தொகையில் அப்போதைய பிரதமர் மார்கரெட் தாட்சர் 1984இல் சண்டை போட்டு வாங்கிய தள்ளுபடியைக் கழிக்காத கணக்கு அது. தள்ளுபடி போக அனுப்பியது வாரத்துக்கு 25 கோடி அளவில். அதிலும் ஒரு பங்கு விவசாய மானியம், ஆராய்ச்சி நிதி என்று திரும்பி வந்தது. பிரிட்டனின் புள்ளிவிவர ஆணையமே அந்தக் கணக்கு தவறாக வழிநடத்துகிறது என்று கண்டித்தது.

ஆனால் தந்திரத்தைப் பாருங்கள். எதிரணி "35 இல்லை, 25தான்" என்று மறுக்க மறுக்க, கேட்டவர் மனதில் நின்றது 'கோடிக்கணக்கில் போகிறது' என்பது மட்டும்தான்.

கேள்வி: வாக்கெடுப்பு 2016இல், விலகியது 2020இல். நடுவில் என்னதான் செய்தார்கள்?

சண்டை போட்டார்கள். அப்போதைய பிரதமர் டேவிட் கேமரன் மறுநாள் காலையிலேயே பதவி விலகுவதாக அறிவித்தார். தெரசா மே வந்தார். 2017 மார்ச் 29 அன்று விலகல் கடிதம் கொடுத்தார். அன்றிலிருந்து இரண்டு வருடக் கெடு ஓட ஆரம்பித்தது. கெடு ஓடும்போதே தேர்தல் வைத்து, இருந்த பெரும்பான்மையையும் தொலைத்தார்.

அவர் கொண்டுவந்த விலகல் ஒப்பந்தம் 2019 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் 432க்கு 202 என்று தோற்றது. மார்ச்சில் இன்னும் இரண்டு முறை தோற்றது. சரி, உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று உறுப்பினர்களையே கேட்டார்கள். எட்டு யோசனைகளை வாக்குக்கு விட்டார்கள். எட்டில் ஒன்றுக்கும் பெரும்பான்மை இல்லை. சில நாள் கழித்து மறுபடி வைத்தபோது, சுங்க ஒன்றியத்தில் தொடரும் யோசனை 273க்கு 276 என்று மூன்று வாக்கில் போனது. அந்த ராத்திரி இரண்டே பேர் மாறி வாக்களித்திருந்தால் இன்று என் மேசையில் இருக்கும் காகிதத்தில் பெரும்பகுதி இருந்திருக்காது. அலுவலகத்தில் இதை இன்னும் சொல்லிச் சிரிப்போம்.

அப்புறம் போரிஸ் ஜான்சன் வந்தார். நாடாளுமன்றத்தை முடக்கிப் பார்த்தார்; அது சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள். ஆனால் 2019 டிசம்பர் தேர்தலில் 365 இடங்கள் அவருக்கு. மக்களுக்கு அலுத்துவிட்டது, அவ்வளவுதான். 2020 ஜனவரி 31 இரவு 11 மணிக்கு விலகியது. பிரசல்ஸில் அப்போது மணி 12. போகிற நேரத்தைக்கூட அவர்கள் கடிகாரம்தான் முடிவு செய்தது.

கேள்வி: மக்கள் தெருவில் இறங்கவில்லையா?

நிறையவே. லண்டனில் லட்சக்கணக்கில் ஊர்வலம் போனார்கள். 2019 மார்ச்சில், விலகல் கடிதத்தைத் திரும்பப் பெறுங்கள் என்ற இணைய மனுவில் 60 லட்சத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். மறுபக்கம், வென்ற வாக்கை ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று கொதித்தவர்களும் நாடாளுமன்ற வாசலில் நின்றார்கள். இரண்டு கூட்டமும் ஜனநாயகத்தைக் காப்பாற்றுவதாகத்தான் சொன்னது.

வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு ஜோ காக்ஸ் என்ற பெண் எம்.பி.யைத் தீவிர வலதுசாரி ஒருவன் தெருவில் வைத்துக் கொன்றதையும் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகும் பேச்சின் சூடு குறையவில்லை என்பதுதான் எனக்குப் பொறுக்காதது.

கேள்வி: வடக்கு அயர்லாந்து விவகாரம் எத்தனை முறை படித்தாலும் புரிவதில்லை, சார். எளிமையாகச் சொல்ல முடியுமா?

முயற்சி செய்கிறேன். அயர்லாந்துத் தீவில் இரண்டு ஆட்சி. தெற்கே அயர்லாந்து குடியரசு, ஒன்றியத்தின் உறுப்பினர். வடக்கே பிரிட்டனின் பகுதி. நடுவில் சுமார் 500 கிலோமீட்டர் எல்லை, அதை வெட்டிக்கொண்டு 200க்கும் மேற்பட்ட சாலைகள். வடக்கு பிரிட்டனோடு இருப்பதா, தெற்கோடு சேர்வதா என்று முப்பது வருடம் ரத்தம் சிந்தி, 1998இல் பெல்பாஸ்ட் அமைதி உடன்படிக்கை வந்த பிறகு அந்த எல்லையில் காவல் சாவடி எதுவும் இல்லை. வீடு ஒரு பக்கம், மாட்டுத் தொழுவம் மறுபக்கம் என்று வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். திரும்ப அங்கே ஒரு தடுப்புக் கம்பம் வைத்தாலும் ஆபத்து என்பதில் எல்லோரும் ஒத்துப்போனார்கள்.

ஆனால் பிரிட்டன் சுங்க ஒன்றியத்தையும் ஒற்றைச் சந்தையையும் விட்டால், எங்கேயாவது ஓரிடத்தில் சரக்கைச் சோதித்தே ஆக வேண்டும். நிலத்தில் வைக்க முடியாது. அப்படியானால் கடலில், அதாவது பிரிட்டன் தீவுக்கும் வடக்கு அயர்லாந்துக்கும் நடுவே. "எங்கள் நாட்டுக்குள்ளேயே எங்களுக்கு எல்லையா?" என்று பிரிட்டனோடு சேர்ந்திருக்க விரும்புகிற கட்சிகள் கொதித்தன. கேட்டது தப்பில்லை. நிலத்தில் எல்லை வேண்டாம், கடலில் எல்லை வேண்டாம், ஐரோப்பிய விதியும் வேண்டாம் என்று மூன்றையும் ஒருசேரக் கேட்டதுதான் சிக்கல். மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். ஜான்சன் கடல் எல்லைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்படி ஒரு எல்லையே இல்லை என்று பேசினார்.

2022 பிப்ரவரியிலிருந்து இரண்டு வருடம் அங்கே மாகாண அரசே நடக்கவில்லை. 2023இல் அப்போதைய பிரதமர் ரிஷி சுனக் ஒன்றியத்தோடு போட்ட விண்ட்சர் ஏற்பாட்டில், வடக்கு அயர்லாந்தோடு நின்றுவிடும் சரக்குக்குப் பச்சை வழி, தெற்கே போகக்கூடிய சரக்குக்குச் சிவப்பு வழி என்று பிரித்தார்கள். அதனால்தான் இங்கே பால் பாக்கெட்டில்கூட 'ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அல்ல' என்று அச்சடித்திருப்பதைப் பார்க்கலாம்.

கேள்வி: உங்கள் மேசையில் உண்மையில் என்ன மாறியது? அரசியல் வேண்டாம், வேலையைச் சொல்லுங்கள்.

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். முன்பு டோவர் இருக்கும் கென்ட் மாவட்டத்திலிருந்து பிரான்சுக்கு ஒரு லாரி பன்றி இறைச்சி போக, விலைப்பட்டியலும் சரக்குச் சீட்டும் போதும். விலகிய பிறகும் பழைய விதி நீடித்த இடைக்காலம் முடிந்து, 2021 ஜனவரி 1 முதல், ஏற்றுமதி அறிவிப்பு, அந்தப் பக்கம் இறக்குமதி அறிவிப்பு, பொருளின் பூர்வீகச் சான்று, கால்நடை மருத்துவர் பார்த்துக் கையெழுத்திட்ட சுகாதாரச் சான்றிதழ். முதல் மாதம் எங்களிடம் வந்த ஒரு சான்றிதழில் ஒரு பக்கத்தில் முத்திரை விட்டுப்போயிருந்தது. லாரி அக்கரையில் இரண்டு நாள் நின்றது. உள்ளே இருந்தது குளிரூட்டிய இறைச்சி. மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். கையெழுத்திட்ட மருத்துவர், சொன்னால் நம்பமாட்டீர்கள், ஸ்பெயின்காரர்.

பூர்வீகச் சான்றுதான் பலரைக் கவிழ்த்தது. பிரிட்டனும் ஒன்றியமும் போட்டதை 'வரியில்லா ஒப்பந்தம்' என்று செய்தியில் கேட்டவர்கள் எல்லாவற்றுக்கும் வரி இல்லை என்று நினைத்துக்கொண்டார்கள். பிரிட்டனில் அல்லது ஒன்றியத்தில் உருவான பொருளுக்குத்தான் அது. சீனாவில் தைத்த சட்டை பிரிட்டன் கிடங்கில் இறங்கி, அங்கிருந்து அயர்லாந்து குடியரசின் டப்ளின் போனால் 12 சதவீதம் வரி. "ஏற்கெனவே ஒரு தடவை கட்டிவிட்டேனே" என்று தொலைபேசியில் கத்தியவர்களை நானே சமாதானப்படுத்தியிருக்கிறேன்.

அந்த ஜனவரியில் நெதர்லாந்தின் ஹூக் ஆஃப் ஹாலந்து துறைமுகத்தில் எடுத்த தொலைக்காட்சிக் காட்சி ஒன்று உலகமெல்லாம் சுற்றியது. லாரி ஓட்டுநர் மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த சாண்ட்விச்சைச் சுங்க அதிகாரி எடுத்துக்கொள்கிறார், உள்ளே இறைச்சி இருக்கிறதே. "இறைச்சியை எடுத்துக்கொண்டு ரொட்டியையாவது தாருங்கள்" என்கிறார் ஓட்டுநர். "முடியாது. பிரெக்சிட்டுக்கு நல்வரவு, மன்னிக்கவும்." அதிகாரி சிரித்துக்கொண்டே சொன்னார். விதி என்னவோ அதுதான்.

கேள்வி: 2020 கிறிஸ்துமஸில் ஆயிரக்கணக்கான லாரிகள் கென்டில் நின்றதும் பிரெக்சிட்டால்தானே?

இல்லை. அது கொரோனா. புதிய வகைக் கிருமி பரவுகிறது என்று பிரான்ஸ் எல்லையை மூடியது. சீக்கியர்கள் கிரேவ்செண்ட் குருத்வாராவில் சமைத்து ஓட்டுநர்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். எல்லாப் பழியையும் ஒரே தலையில் போடாதீர்கள்.

கேள்வி: மொத்தத்தில் லாபமா நஷ்டமா?

நஷ்டம் என்பது என் எண்ணம், பெரும்பாலான பொருளாதார வல்லுநர்களின் எண்ணமும் அதுதான். பிரிட்டனின் பட்ஜெட் கணிப்பு அலுவலகம், உள்ளேயே இருந்திருந்தால் எட்டியிருக்கக்கூடியதைவிட உற்பத்தித்திறன் நீண்ட காலத்தில் 4 சதவீதம் குறையும் என்கிறது. வராமல் போன வளர்ச்சி இது. கையிலிருந்து காசு போவது போல் கண்ணுக்குத் தெரியாது. லாபமா நஷ்டமா என்ற சண்டை முடியாததற்கு அதுவும் ஒரு காரணம்.

வெளியேறியதை ஆதரிப்பவர்களிடமும் காட்ட எதுவும் இல்லாமல் இல்லை. 2025 ஜூலையில் இந்தியாவோடு தனி ஒப்பந்தம் போட்டார்கள். ஸ்காட்ச் விஸ்கிக்கு அப்போது இந்தியா போட்ட 150 சதவீத வரி, ஒப்பந்தப்படி முதலில் 75 ஆகவும் பத்தாண்டில் 40 ஆகவும் இறங்கும். அதே வருடம் ட்ரம்ப் பொதுவாக ஒன்றியத்துக்கு 15 சதவீதம் வரி போட்டபோது பிரிட்டனுக்கு 10தான். உள்ளே இருந்திருந்தால் இரண்டும் இப்படி நடந்திருக்காது. ஆனால் வாசலில் இருக்கும் சந்தையில் விட்டதை இவை ஈடுகட்டுமா என்றால், என் கணக்கில் பக்கத்தில்கூட வராது.

கேள்வி: நீங்கள் யாருக்கு ஓட்டுப் போட்டீர்கள்? உங்களுக்கு ஓட்டே உண்டா?

உண்டு. அங்கே குடியிருக்கும் காமன்வெல்த் நாட்டவர்களுக்கு வாக்குரிமை இருந்தது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்த எனக்கு ஓட்டு. 2004 முதல் பக்கத்து மேசையில் வேலை பார்த்த போலந்துக்காரிக்கு இல்லை. அவள் வாழ்க்கையை நான் முடிவு செய்கிறேன் என்று அன்று கூச்சமாக இருந்தது. இருக்கலாம் என்று போட்டேன்.

என் பெரியப்பா மகன் வெளியேறச் சொன்னார். உணவகம் நடத்துகிறார். ஐரோப்பியர் வரத்து நின்றால் தெற்காசியச் சமையல்காரர்களுக்கு விசா எளிதாகும் என்று பிரசாரத்தில் சொல்லியிருந்தார்கள். சில வருடம் வெளிநாட்டவர் வரத்து கூடவும் செய்தது. 2023 வாக்கில், உச்சத்தில், ஓராண்டின் நிகர வரத்து (வந்தவர்களில் போனவர்களைக் கழித்தது) 9 லட்சத்தைத் தாண்டியது. அப்புறம் கதவைச் சாத்தினார்கள். 2024 ஏப்ரலில் திறன் விசாவுக்கான சம்பள வரம்பை 26,200 பவுண்டிலிருந்து 38,700 ஆக்கிவிட்டார்கள். தோசை மாஸ்டருக்கு அவ்வளவு சம்பளம் எந்தக் கடையில் கட்டுப்படியாகும்? இப்போது மாவை அண்ணனே கரைக்கிறார். தப்பாகப் போட்டேன் என்று மட்டும் இன்றுவரை சொல்லவில்லை. சரியாகத்தான் போட்டேன், அவர்கள் ஒழுங்காகச் செய்யவில்லை என்கிறார்.

கேள்வி: திரும்பச் சேருவார்களா?

கருத்துக்கணிப்புகளில் சில வருடமாகவே பாதிக்கு மேற்பட்டோர் வெளியேறியது தவறு என்கிறார்கள். ஆனால் திரும்பச் சேர 27 நாடுகளும் ஒப்புக்கொள்ள வேண்டும், தாட்சர் வாங்கிய தள்ளுபடி இனி எதிர்பார்க்க முடியாது. தொழிற்கட்சி 2024இல் ஆட்சிக்கு வந்ததே, ஒற்றைச் சந்தைக்கோ சுங்க ஒன்றியத்துக்கோ திரும்பமாட்டோம் என்று வாக்குக் கொடுத்துத்தான்.

அதற்குப் பதில் கதவை ஒருச்சாய்த்துத் திறக்கிறார்கள். 2025 மே 19 லண்டன் சந்திப்பில், ஐரோப்பியப் படகுகள் 2038 வரை பிரிட்டன் கடலில் மீன்பிடிக்கலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். கூடவே, உணவு, கால்நடைப் பொருள்களுக்கான சோதனையைப் பெருமளவு குறைக்கத் தனி உடன்பாடு பேசுவதென்றும் முடிவானது. அது நடைமுறைக்கு வந்தால் அந்தச் சுகாதாரச் சான்றிதழ் போய்விடும். எங்கள் ஸ்பெயின் மருத்துவரிடம் சொன்னேன். "அப்படியானால் நான் மறுபடி மாடு பார்க்கப் போகலாம்" என்றார்.