மூன்று அதிகாரமா, மூன்று வசனமா?

கேள்வி: தேயிலை ஃபேக்டரி ஒன்றில் சம்பளக் கணக்கு எழுதுகிறேன். வேதாகமத்தை ஒரே வருஷத்தில் வாசித்து முடிக்கத் தீர்மானித்து ஜனவரியில் ஆரம்பித்தேன். லேவியராகமத்தோடு நின்றுவிட்டது. விட்டுப்போன அதிகாரங்களை நினைத்தாலே வேதத்தைத் திறக்கக் கை வரவில்லை. தினம் சில வசனங்களை மட்டும் நிதானமாக வாசித்தால் போதுமா? அது கத்தோலிக்கர் முறை என்கிறார் எங்கள் சி.எஸ்.ஐ. சபையில் ஒரு அக்கா.
- வாசகி, குன்னூர்

பதில்: அன்புச் சகோதரி,

விட்டுப்போனதை விட்டுவிடுங்கள். கர்த்தர் அதற்குக் கணக்கு வைத்திருக்கவில்லை. மொத்தம் 1,189 அதிகாரங்கள். வருஷத்தில் முடிக்க தினம் மூன்று நான்காவது வாசித்தாக வேண்டும். அப்படி வாசித்தால் வேதம் முழுவதும் ஒரு ஓட்டமாகப் பிடிபடும், நல்லதுதான். ஆனால் அந்த ஓட்டத்தில் லேவியராகமம் 19 கண்ணில் படாமலே போய்விடும். கூலிக்காரனின் கூலியை மறுநாள் காலைவரை கையில் வைத்திருக்காதே என்கிறது 13ஆம் வசனம். சம்பளக் கணக்கு எழுதும் நீங்கள் அதில் ஒரு வாரம்கூட நிற்கலாம்.

இப்போதைக்கு மாற்கு சுவிசேஷத்தை எடுங்கள். பதினாறே அதிகாரங்கள். உதாரணத்துக்கு 10ஆம் அதிகாரத்தில் பர்திமேயு. ஏழே வசனங்கள். வாய்விட்டு ஒரு தடவை வாசியுங்கள், அப்புறம் இன்னும் மெதுவாக ஒரு தடவை. வழியோரம் பிச்சை கேட்டு உட்கார்ந்திருப்பவன், இயேசு கூப்பிட்டதும் மேல்வஸ்திரத்தை எறிந்துவிட்டு எழுந்து வருகிறான். அவனிடம் இருந்த ஒரே சொத்து அதுவாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றும். பார்வை இல்லாதவன் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் இயேசு, “நான் உனக்கு என்ன செய்யவேண்டும்” என்று கேட்கிறார். அந்தக் கேள்வி உங்களை நிறுத்தினால் அங்கேயே நில்லுங்கள். அடுத்த வசனத்துக்குப் போக அவசரமே இல்லை. உங்களுடைய பதிலை அவரிடம் சொல்லுங்கள், அதுதான் ஜெபம். சொல்லி முடித்த பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருங்கள்.

இதையே வாசிப்பு, தியானம், ஜெபம், தேவசமுகத்தில் அமர்ந்திருப்பது என்று நான்கு படிகளாக 12ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்தவர் இரண்டாம் கீகோ என்ற கத்தோலிக்கத் துறவி. அந்த வகையில் அக்கா சொல்வது சரி. ஆனால் வேதத்தில் இரவும் பகலும் தியானமாயிருக்கிறவன் பாக்கியவான் என்று முதல் சங்கீதமே சொல்கிறதே! இயேசு பிறந்தபோது மேய்ப்பர்கள் வந்து சொன்னதையெல்லாம் அவருடைய தாய் மரியாளும் இருதயத்தில் வைத்துத்தான் சிந்தித்தாள். இது எந்த ஒரு சபைக்கும் தனிச்சொத்து இல்லை.

குன்னூர்க் குளிரில் விடியற்காலை எழ முடியவில்லையென்றால் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் உட்காருங்கள். செல்போனைப் பக்கத்தில் வைக்காதீர்கள். காகித வேதாகமமே நல்லது. ஒரு வசனத்தை மட்டும் பிய்த்தெடுத்து, “இது எனக்கான வாக்கு” என்று முடிவு கட்டிவிட வேண்டாம். முன்னும் பின்னும் வாசியுங்கள், புரியாததை ஆயரிடம் கேளுங்கள். சில நாள் எதுவுமே மனதில் ஒட்டாது. அன்றைக்குப் பரமண்டல ஜெபம் சொல்லி மூடிவைத்துவிட்டு, மறுநாள் அதே பகுதியையே திரும்ப எடுங்கள்.