எவ்வளவு லேசு?

கேள்வி: போராட்டம் என்ற பெயரில் கல்லெறிகிறார்கள், வண்டியைக் கொளுத்துகிறார்கள். போலீஸ் லேசான தடியடி நடத்தினால்கூட உங்களைப் போன்றவர்கள் குறை சொல்கிறீர்கள். ராணுவத்திடம் இருப்பது போன்ற கவச வண்டியும் ஆயுதமும் போலீசுக்குக் கொடுத்தால் என்ன தவறு?

பதில்: கவச வண்டிக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த 'லேசான'.

முப்பது வருடமாக இந்த வார்த்தையோடு எனக்குச் சண்டை. ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தபோது, 'போலீசார் லேசான தடியடி நடத்திக் கூட்டத்தைக் கலைத்தனர்' என்று ஒரு செய்தி வந்தது. 'லேசான' என்பதை அடித்தேன். நிருபரைக் கூப்பிட்டு, "லேசு என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "அதிகாரி சொன்னார்" என்றார். "அடி வாங்கியவர்களைக் கேட்டீர்களா?" "அவர்கள் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள், சார்." மறுநாள் பேப்பரைப் பிரித்தால் அந்த வார்த்தை திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. எனக்கு மேலே இருந்தவர் சேர்த்துவிட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. காய்ச்சல் லேசாக இருக்கிறது என்றால் படுத்திருப்பவர் சொல்லித் தெரிந்துகொள்கிறோம். தடியடியை மட்டும் அடித்தவரைக் கேட்டு எழுதுகிறோம்.

இந்த 'லேசான' பல நாடுகளில் பல பெயர்களில் திரிகிறது. ரப்பர் குண்டு என்றதும் குழந்தைகளின் பந்துதான் ஞாபகம் வரும். 1970-இல் வட அயர்லாந்தில் பிரிட்டிஷ் ராணுவம் அதைக் கொண்டுவந்தது. தரையைப் பார்த்துச் சுட வேண்டும், எகிறிப் போய்க் காலில் பட வேண்டும் என்பது ஏற்பாடு. பிறகு பிளாஸ்டிக் குண்டு வந்தது. இரண்டும் சேர்ந்து அங்கே 17 பேரைக் கொன்றன. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் பிள்ளைகள்.

கண்ணீர்ப்புகையையும் பாருங்கள். 1993-இல் கையெழுத்தான ரசாயன ஆயுத ஒப்பந்தத்தின்படி, போரில் எதிரிப் படைமீது அதைப் பிரயோகிக்கக் கூடாது. உள்நாட்டில் கலவரத்தை அடக்க அதே ஒப்பந்தம் அனுமதிக்கிறது. போரில் கண்ணீர்ப்புகையில் ஆரம்பித்து விஷவாயுவில் போய் நிற்கும் என்று பயந்தார்கள், அது நியாயமான பயம்தான். ஆனாலும் எதிரி நாட்டுச் சிப்பாய்க்குக் கிடைத்த பாதுகாப்பு சொந்த நாட்டில் பதாகை பிடித்து நிற்கும் கல்லூரி மாணவிக்குக் கிடைக்கவில்லையே என்பது என் மனதை அறுக்கிறது.

சரி, கவச வண்டி. அமெரிக்க ராணுவத்தில் மிஞ்சிய தளவாடங்களை உள்ளூர் போலீசுக்குக் கொடுக்க '1033 திட்டம்' என்று ஒன்று உண்டு. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் கண்ணிவெடியைத் தாங்குவதற்காகச் செய்த வண்டிகள் இதன் வழியாகச் சின்னச் சின்ன ஊர்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தன. வாங்கியதை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தத் தொடங்க வேண்டும் என்று நிபந்தனை வேறு. கண்ணிவெடியே இல்லாத ஊரில் அந்த வண்டியை எங்கே கொண்டுபோய் நிறுத்துவார்கள்? மக்கள் கூடும் இடத்தில்தான்.

1829-இல் ராபர்ட் பீல் லண்டன் போலீசை உருவாக்கியபோது, சிவப்புச் சட்டை ராணுவத்தோடு மக்கள் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பதற்காக நீலச் சட்டை கொடுத்தார்கள். அதற்குப் பத்து வருடம் முன்னால்தான், மான்செஸ்டரில் அமைதியாகக் கூடியிருந்த பெருங்கூட்டத்துக்குள் குதிரைப்படை வாளோடு புகுந்து பத்துப் பேருக்கு மேல் கொன்றிருந்தது. சட்டையின் நிறத்தில்கூட அத்தனை கவனம் இருந்தது. இப்போது மரம்கூட இல்லாத நகரத் தெருவில் காட்டுப்பச்சைத் திட்டுச் சட்டையோடு போலீஸ் வந்து நிற்கிறது. அதைப் போட்டவருக்கு எதிரே நிற்பவர் எதிரியாகத்தான் தெரிவார்.

கல்லெறிந்தவரைப் பிடியுங்கள், வழக்குப் போடுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் புகைக்குண்டுக்கு ஆள் தெரியாது. எறிந்த பத்துப் பேருக்காகச் சும்மா நின்ற ஆயிரம் பேரை அடித்தால், அதுவரை அந்தப் பத்துப் பேரைத் திட்டிக்கொண்டிருந்தவர்களும் அவர்கள் பக்கம் போய்விடுவார்கள். 2001-இல் ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் போராட்டக்காரர்கள்மீது போலீஸ் சுட்டதில் மூன்று பேர் காயப்பட்டார்கள். அதிலிருந்து பாடம் படித்த அந்த நாடு, கூட்டத்துக்குள் நின்று பேசுவதற்கென்றே தனிப் போலீஸ் பிரிவை வளர்த்தது.

2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஃபெர்குசனில் ஆயுதமில்லாத கருப்பின இளைஞர் ஒருவரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. ஊர் கொதித்தது. கவச வண்டியின் மேல் இருந்தபடி போலீஸ்காரர் கூட்டத்தை நோக்கித் துப்பாக்கியைக் குறிவைத்தார். 13-ஆம் தேதி இரவு தெருவெல்லாம் கண்ணீர்ப்புகை. மறுநாள் மிசூரி மாகாண ஆளுநர் பொறுப்பை நெடுஞ்சாலை ரோந்துப் படையின் கேப்டன் ரான் ஜான்சனிடம் ஒப்படைத்தார். அவர் கவச உடை இல்லாமல், சாதாரணச் சீருடையில் போராட்டக்காரர்களோடு சேர்ந்து நடந்தார். அன்று இரவு ஊர் அமைதியாக இருந்தது. அடுத்த நாட்களில் மோதல் திரும்ப வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் 14-ஆம் தேதி அந்தத் தெருவில் நின்றவர்கள் முந்தின இரவு நின்ற அதே மக்கள்தான். அவர்களுடைய கோபமும் குறையவில்லை. போலீஸ் வந்து நின்ற கோலம்தான் மாறியிருந்தது.